பூவைப் பிடித்திருந்த குளிர்காலம்

ஜெர்மனியின் டிரெஸ்டன் நகரில், எல்பே ஆற்றங்கரையில், ஆல்பர்ட் பாலத்தை ஒட்டிச் சனிக்கிழமைகளில் பழைய சாமான் சந்தை கூடும். வேலைக்காக இந்த ஊருக்கு வந்த இரண்டாம் வருடம், ஒரு மார்ச் மாதக் காலையில் அங்கேதான் அந்தப் பொம்மையைப் பார்த்தேன். ஒரு சாண் உயரம்கூட இருக்காது. உருண்டைக் கன்னமும் சுருட்டை முடியுமாக ஒரு பீங்கான் குழந்தை. தோளில் போர்வை, இரண்டு கையும் சேர்த்துப் பிடித்த பூங்கொத்து, காலடியில் பூ நிரம்பிய சின்னச் சட்டி. அடிப்பக்கம் நீல நிறத்தில் ஒன்றை ஒன்று வெட்டும் இரண்டு கோடுகள். "வசந்தம். நான்கு பருவங்கள் வரிசையில் ஒன்று" என்றார் விற்றவர். 90 யூரோ கொடுத்து, செய்தித்தாளில் சுற்றி, கோட்டுப் பையில் வைத்து எடுத்து வந்தேன்.

அன்று மாலையே அம்மாவுக்கு வீடியோ காலில் காட்டினேன். அம்மா வருடம் தவறாமல் கொலு வைப்பவர், பொம்மை என்றால் தனி ஆசை. "கொஞ்சம் கிட்டக் காட்டுடா" என்று உற்றுப் பார்த்தார். "காலை ஒடுக்கிக்கிட்டு நிக்குது, தோளைக் குறுக்கிக்கிட்டு இருக்கு. குளிர்ல நடுங்குற பிள்ளை மாதிரியில்ல இருக்கு? அது எதுக்குப் பூவைப் பிடிச்சிருக்கு?" என்றார். "இந்த ஊர்ல வசந்தத்துலயும் குளிரும்மா" என்று சொல்லிவிட்டேன். அம்மா கேட்டது எவ்வளவு சரியான கேள்வி என்று எனக்குப் புரிய எட்டு மாதம் ஆனது.

கொலு பார்த்து வளர்ந்தவர்களுக்கு இந்தப் பொம்மைகளின் சங்கதி சட்டென்று பிடிபடும். கையில் வேல் இருந்தால் முருகன், வீணை இருந்தால் சரஸ்வதி, புல்லாங்குழல் இருந்தால் கண்ணன். முகத்தைப் பார்த்து யாரும் சாமியை அடையாளம் காண்பதில்லை. கையில் என்ன, காலடியில் என்ன என்றுதான் பார்க்கிறோம். ஐரோப்பாவில் 18-ஆம் நூற்றாண்டில் செய்த உருவகப் பொம்மைகளும் அப்படித்தான். பருவம், புலன், பூதம், கண்டம் என்று கண்ணுக்கு உருவமில்லாத ஒன்றை ஓர் ஆளாக ஆக்கி, அது இன்னதென்று சொல்ல ஒரு பொருளைக் கையில் கொடுத்துவிடுவார்கள். எதற்கு எந்தப் பொருள் என்பதைச் சிற்பிகள் தங்கள் இஷ்டத்துக்கு முடிவு செய்யவில்லை. சீசரே ரிப்பா என்ற இத்தாலியர் 1593-ல் ரோமில் இதற்கென்றே ஓர் அகராதி போல நூல் போட்டுவிட்டார். 1603-ல் அது படங்களோடு வந்தது. அதற்குப் பிறகு ஓவியரும் சிற்பியும் அதை எடுத்து வைத்துக்கொண்டுதான் வேலை செய்தார்கள்.

நான்கு பருவங்களில் வசந்தத்துக்குப் பூ, கோடைக்குக் கோதுமைக் கதிரும் அரிவாளும், இலையுதிர் காலத்துக்குத் திராட்சைக் குலையும் மதுக் கிண்ணமும். குளிர்காலம் போர்வையைப் போர்த்திக்கொண்டு நெருப்புச் சட்டியில் கை நீட்டிக் குளிர் காயும். ஐம்புலன்களில் பார்வை முகம் பார்க்கும் கண்ணாடியைப் பிடித்திருக்கும், செவிப்புலன் வாத்தியம் வாசிக்கும், மோப்பம் பூவை மூக்கருகே வைத்திருக்கும், சுவை பழம் தின்னும். தொடு உணர்வை எப்படிக் காட்டுவது? ஒரு கிளி அந்தப் பெண்ணின் விரலைக் கொத்தும். முதல் தடவை அதைப் பார்த்தபோது என் விரலை நானே இழுத்துக்கொண்டேன். அவ்வளவு சரியாக வலியைப் பிடித்திருந்தார்கள். பூதங்கள் அவர்களுக்கு நான்குதான், ஆகாயம் கணக்கில் இல்லை. காற்றுக்கு மயிலோடு ஜூனோ, நீருக்கு நெப்டியூன் என்று கிரேக்க, ரோமானியத் தெய்வங்களே வந்து நிற்பார்கள்.

கண்டங்களும் நான்குதான். ஐரோப்பா முடி சூடி, செங்கோல் ஏந்தி, குதிரையோடு நிற்பாள். ஆசியாவுக்கு ஒட்டகம், ஆப்பிரிக்காவுக்கு யானைத் தலை போன்ற தலையணியும் சிங்கமும், அமெரிக்காவுக்கு இறகுக் கிரீடமும் முதலையும். இந்த வரிசையை நான் பலமுறை நின்று பார்த்திருக்கிறேன். கைவேலையில் ஒரு குறை சொல்ல முடியாது. ஆனால் ராணி ஒருத்திதான், மற்ற மூவரும் அவளுக்குச் சரக்கு கொண்டுவந்தவர்கள் போல நிற்கிறார்கள். ஆசியாவில் பிறந்த எனக்கு அது உறுத்தாமல் இல்லை. அழகாக இருக்கிறது என்பதற்காக அதைப் பார்க்காதது போல இருக்கக் கூடாது என்பதே என் எண்ணம்.

இவையெல்லாம் அலமாரியில் வைப்பதற்காகச் செய்தவை அல்ல, சாப்பாட்டு மேசைக்காகச் செய்தவை. அரண்மனை விருந்தில் கடைசியாக இனிப்பு பரிமாறும்போது, மேசை நடுவே சர்க்கரையிலும் மெழுகிலும் உருவங்கள் செய்து அடுக்குவது பழைய வழக்கம். டிரெஸ்டன் இருக்கும் சாக்சனியை ஆண்ட அகஸ்டஸின் பிடியில், பொன் செய்து தருவான் என்று அடைத்து வைக்கப்பட்டிருந்த யோஹான் ஃபிரீட்ரிஷ் போட்கர், 1708-ல் பீங்கானின் ரகசியத்தைக் கண்டார். 1710-ல், டிரெஸ்டனுக்குப் பக்கத்து ஊரான மைசெனின் கோட்டைக்குள் பீங்கான் ஆலை தொடங்கியது. 1731-ல் யோஹான் யோவாகிம் கெண்ட்லர் என்ற சிற்பி அங்கே வேலைக்குச் சேர்ந்து, 1775-ல் சாகும்வரை உருவங்களாக வடித்துத் தள்ளினார். சர்க்கரை பொம்மைகள் இருந்த இடத்துக்குப் பீங்கான் பொம்மைகள் வந்தது அந்தக் காலத்தில்தான். விருந்தினர்கள் இனிப்பைச் சாப்பிட்டுக்கொண்டே, எதிரே நிற்பது எந்தப் பருவம், எந்தப் புலன் என்று கண்டுபிடித்துப் பேசுவார்கள். அதனால்தான் இவை நான்கு, ஐந்து என்று வரிசையாகவே வருகின்றன. தனியாக ஒன்று கிடைத்தால், அது எந்த வரிசையிலிருந்து பிரிந்தது என்றுதான் முதலில் யோசிக்க வேண்டும்.

சரி, என் பொம்மைக்கு வருகிறேன்.

அந்த நவம்பரில், வேறொரு கிண்ணத்தில் இருந்த விரிசலைப் பார்க்க ஒரு யூ.வி. டார்ச், அதாவது புற ஊதா ஒளி விளக்கு, வாங்கினேன். அறையை இருட்டாக்கிவிட்டு, கை சும்மா இருக்காமல் அலமாரியில் இருந்த எல்லாவற்றின் மேலும் அடித்துப் பார்த்தேன். குழந்தையின் முகமும் வயிறும் கால்களும் அழுத்தமான ஊதா நிறத்தில் இருந்தன. மணிக்கட்டில் மட்டும் கோடு கிழித்தது போல நிறம் மாறி, இரண்டு கையும் பூங்கொத்தும் பால் கலந்த மஞ்சளாக ஒளிர்ந்தன. காலடிச் சட்டியில் இருந்த பூக்களும் அதே மஞ்சள். எனக்கு வயிற்றைப் பிசைந்தது. விளக்கைப் போட்டால் ஒரு வித்தியாசமும் தெரியவில்லை, அணைத்தால் தெரிந்தது. நாலைந்து தடவை அப்படிப் போட்டுப் போட்டு அணைத்தேன்.

பீங்கான் பழுதுபார்க்கும் ஒரு அம்மையாரிடம் எடுத்துப் போனேன். எழுபது வயதுக்கு மேல் இருக்கும். மேசையில் துண்டை விரித்து, பொம்மையைப் படுக்க வைத்து, பூதக்கண்ணாடியில் வெகுநேரம் பார்த்தார். பிறகு பூ ஒன்றை நகத்தால் மெல்லச் சுண்டி, "கேளுங்கள்" என்றார். சத்தமே வரவில்லை. குழந்தையின் காலைச் சுண்டினார், 'டிக்' என்று கூர்மையாகக் கேட்டது. "பூ பிசின். கையும் பிசின். யாரோ நன்றாகத்தான் செய்திருக்கிறார்கள். எடுத்துவிடலாமா? எடுத்தால் திரும்ப ஒட்ட முடியாது." எடுத்துவிடச் சொன்னேன்.

அசிட்டோனில் நனைத்த பஞ்சைப் பூக்களின் மேல் சுற்றி, மெல்லிய தாளால் மூடி வைத்தார். அரை மணி கழித்துத் திறந்தபோது, வண்ணம் பாலாடை போலச் சுருங்கிக் கழன்றது. அதன்கீழ் இருந்த பிசினை மெல்லிய கத்தியால் துணுக்குத் துணுக்காக எடுத்தார். சட்டியில் இருந்த கடைசிப் பூ விழுந்ததும் உள்ளே செம்மஞ்சளாக ஏதோ தெரிந்தது. பஞ்சால் துடைத்தார். நெருப்பு. நாக்கு நாக்காக மேலே எழும்பும் சின்னத் தீ, நுனியில் சிவப்பு, அடியில் மஞ்சள், ஒரு நாக்கு உடைந்திருந்தது. அது பூச்சட்டி அல்ல, நெருப்புச் சட்டி. குழந்தை வசந்தம் அல்ல, குளிர்காலம். கைகள் பூவைப் பிடிக்க நீண்டவை அல்ல, தீயில் காய்வதற்காக நீண்டவை.

எப்போதோ யாரிடமோ கீழே விழுந்து இரண்டு கையும் போயிருக்கிறது. புதிதாகக் கை செய்தவருக்கு, இந்தக் கை என்ன செய்துகொண்டிருந்தது என்று தெரியவில்லை. அல்லது குளிர்காலத்தை விட வசந்தம் சீக்கிரம் விலை போகும் என்று நினைத்தாரோ என்னவோ. பூவைக் கொடுத்துவிட்டார், நெருப்பு பொருந்தாது என்பதால் அதையும் பூவால் மூடிவிட்டார். விற்றவரிடம் போய்ச் சொன்னேன். ஒரு வீட்டைக் காலி செய்தபோது மொத்தமாக வாங்கியதாகவும், தனக்கும் தெரியாது என்றும் சொன்னார். நம்பினேன். எட்டு மாதம் வீட்டில் வைத்திருந்த எனக்கே தெரியவில்லையே.

அதற்குப் பிறகு ஒரு பொம்மையைக் கையில் எடுத்தால் நான் பார்க்கும் முறையே மாறிவிட்டது. உருவகப் பொம்மையில் அர்த்தம் இருக்கும் இடமும் கைதான், முதலில் உடையும் இடமும் கைதான். அரிவாள், கண்ணாடிப் பிடி, கிளியின் அலகு, விரல் நுனி என எல்லாம் தீக்குச்சி பருமனில் வெளியே நீட்டிக்கொண்டிருப்பவை. ஆகவே முதலில் உடம்பைப் படிக்கிறேன். என்ன உடை, கால் எப்படி ஊன்றியிருக்கிறது, பார்வை எங்கே போகிறது, காலடியில் என்ன. இவை சொல்லும் கதையும் கையில் இருக்கும் பொருள் சொல்லும் கதையும் ஒன்றா என்று பார்க்கிறேன். போர்வைக்குள் குறுகி நிற்கும் குழந்தையின் கையில் பூ இருந்தால், அம்மா கேட்ட கேள்வியைக் கேட்டாக வேண்டும்.

பிறகுதான் டார்ச். அதையும் முழுக்க நம்பிவிடக் கூடாது. பழுதை மறைக்க இப்போது வரும் சில பூச்சுகள் யூ.வி. ஒளியில் காட்டிக் கொடுப்பதில்லை. அங்கே தொட்டுப் பார்ப்பதே உதவும். பீங்கான் சில்லென்று இருக்கும், பிசின் அவ்வளவு சில்லென்று இருக்காது. கன்னத்தில் வைத்துப் பார்த்தால் விரலில் தெரியாத வித்தியாசமும் தெரியும். சந்தேகமான இடத்தை முன்பல்லில் மெல்லத் தட்டிப் பார்ப்பவர்களும் உண்டு. கல்லில் பட்டது போல இருந்தால் பீங்கான், மொத்தையாக இருந்தால் பிசின். ஊசியால் குத்திப் பார்ப்பதை மட்டும் செய்யாதீர்கள், அது உங்கள் பொம்மையாகவே இருந்தாலும்.

விரிசல் எல்லாமே பின்னால் வந்தது என்று பயப்படவும் வேண்டாம். சூளையிலேயே விழும் விரிசல் உண்டு. அதன் ஓரம் மழுங்கி, கண்ணாடி போன்ற மேல்பூச்சு உள்ளே இறங்கியிருக்கும். விழுந்து ஏற்பட்ட விரிசல் மயிரிழை போலக் கூர்மையாக, பெரும்பாலும் அழுக்கேறி இருக்கும். முன்னது பிறவி மச்சம் மாதிரி, நான் அதற்காக ஒன்றை வேண்டாம் என்று சொன்னதில்லை.

முத்திரை விஷயத்துக்கு வருகிறேன். குறுக்காக இரண்டு வாள் என்பது மைசெனின் அடையாளம், சாக்சனி அரச சின்னத்திலிருந்து எடுத்தது, 1720-களிலிருந்து போடுகிறார்கள். உலகத்தில் அதிகம் நகல் செய்யப்பட்ட முத்திரைகளில் இதுவும் ஒன்று. ஜெர்மனியிலேயே இன்னொரு பகுதியான துரிங்கியாவின் ஃபோல்க்ஸ்டெட் ஆலை வைக்கோல் அள்ளும் கவைக்கோலைச் சின்னமாக வைத்திருந்தது. இரண்டு கவைக்கோலைக் குறுக்காகப் போட்டால் தூரத்துக்கு வாள்தான். பாரிஸில் 1845-ல் தொடங்கிய சாம்சன் பட்டறை, மைசென் முதல் சீனா வரை பழைய பீங்கான்களை நகல் எடுப்பதையே தொழிலாக நடத்தியது. ஆகவே அடியைத் திருப்பி இரண்டு கோடு பார்த்ததும் பணத்தை எடுக்கக் கூடாது, நான் எடுத்தேன். மைசென் வாள் பொதுவாக மேல்பூச்சுக்குக் கீழே இருக்கும், நகத்தில் படாது. என் குழந்தையின் அடியில் இருந்த நீலக் கோடு நகத்தில் சொரசொரவென்று தட்டுப்பட்டது. பின்னால் யாரோ மேலே எழுதியது. அம்மையார் அதைப் பார்த்தவுடன், துரிங்கியா பக்கத்துப் பட்டறை வேலை, 19-ஆம் நூற்றாண்டின் கடைசிக் காலம் என்று சொல்லிவிட்டார். உண்மையான மைசென் முத்திரையிலும் வாளின் குறுக்கே கூரிய கீறல் இருந்தால் கவனியுங்கள். ஆலையே அதை இரண்டாம் தரம் என்று ஒதுக்கியதற்கான குறி அது.

இன்னொன்று, அளவு. மைசென் ஆலையின் காட்சிப் பட்டறையில் இதை நேரில் பார்த்தேன். ஒரு சின்னப் பொம்மைக்கே தலை, கை, கால், உடம்பு என்று தனித்தனி அச்சு. ஈரமான துண்டுகளைக் குழைத்த களிமண் பசையால் ஒட்டி, ஒட்டு தெரியாமல் நீவுகிறார்கள். முதலில் சுமார் 900 டிகிரியில் ஒரு சூடு, மேல்பூச்சு கொடுத்து 1400 டிகிரிக்கு மேல் இன்னொரு சூடு. வெளியே வரும்போது பொம்மை ஏறத்தாழ ஆறில் ஒரு பங்கு சுருங்கியிருக்கும். இதில் வாங்குகிறவருக்கு ஒரு துப்பு இருக்கிறது. பழைய பொம்மையிலிருந்தே அச்சு எடுத்து நகல் செய்தால், அந்த நகலும் சூளையில் சுருங்கும். அதனால் அது மூலத்தை விடச் சின்னதாக இருக்கும், முகத்தின் நெளிவுகளும் மழுங்கியிருக்கும். அருங்காட்சியகப் பட்டியல்களில் உயரம் சென்டிமீட்டரில் கொடுத்திருப்பார்கள். ஒரு சின்ன அளவு நாடாவைப் பையில் போட்டுக்கொண்டு போவது நல்லது.

வீட்டில் வைத்துக்கொள்வதைப் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனென்றால் இவை சந்தையில் உடைவதை விட வீட்டில்தான் அதிகம் உடைகின்றன. தூக்கும்போது அடித்தட்டை ஒரு கையால் தாங்கி, முதுகை இன்னொரு கையால் அணைத்துத் தூக்குங்கள். கையைப் பிடித்தோ தலையைப் பிடித்தோ தூக்கினால், அங்கே பழைய ஒட்டு இருந்தால் பிடித்தது மட்டும்தான் கையோடு வரும். தூசிக்கு மென்மையான ஓவியத் தூரிகை போதும். தண்ணீரில் ஊறப் போடவே கூடாது. அடியில் சூட்டுக் காற்று வெளியேற விட்ட சின்னத் துளை இருக்கும். அதன் வழியே தண்ணீர் உள்ளே போனால் சுலபத்தில் உலராது, பழைய பசையும் இளகிவிடும். நான் பார்த்த அசிட்டோன் வேலையை வீட்டில் செய்து பார்க்கவும் வேண்டாம். சில பொம்மைகளில் சூளையில் சுடாமல் மேலே தீட்டிய பழைய வண்ணமும் தங்கமும் இருக்கும், அது முதல் துடைப்பிலேயே போய்விடும். தபாலில் அனுப்புவதாக இருந்தால் இறுக்கிச் சுற்றாதீர்கள். விரல்களைச் சுற்றி வெற்றிடம் விட்டு, பெட்டிக்குள் பெட்டியாக வையுங்கள். நான் செய்தது போலச் செய்தித்தாளில் சுற்றிக் கோட்டுப் பையில் வைத்து எடுத்து வராதீர்கள்.

அம்மையார் வேலையை முடித்துவிட்டு ஒரு கேள்வி கேட்டார். "கை செய்து தரவா? நெருப்பை நோக்கி நீட்டிய மாதிரியே செய்யலாம்." மணிக்கட்டு உடைந்த வாயில் பீங்கான் கண்ணாடி போல மின்னிக்கொண்டிருந்தது. அதைப் பார்த்தபடி யோசித்தேன். விரல் விரிந்திருந்ததா, மடங்கியிருந்ததா? ஒரு கை மற்றதன் மேல் இருந்ததா? ஊகத்தில் செய்தால், மறுபடியும் ஒருவர் தன் கதையை இந்தக் குழந்தையின் கையில் திணித்ததாகிவிடும். வேண்டாம் என்றேன். அவர் தலையாட்டினார். கழன்ற பூக்களைத் தீப்பெட்டியில் போட்டுக் கொடுத்தார். அதையும் பத்திரமாக வைத்திருக்கிறேன், அதுவும் இந்தப் பொம்மைக்கு நேர்ந்ததுதானே.

அன்று இரவு அம்மாவுக்கு மறுபடியும் காட்டினேன். கையில்லாத குழந்தையைப் பார்த்து முதலில் "ஐயோ" என்றார். பிறகு சட்டியில் இருந்த தீயைப் பார்த்தார். "இப்பதான் சரியா நிக்குது" என்றார்.

மற்ற மூன்று பருவங்களையும் தேடிக்கொண்டிருக்கிறேன். போன மாதம் அதே சந்தையில், அதே உயரத்தில், கோதுமைக் கட்டின் மேல் உட்கார்ந்திருந்த ஒரு குழந்தை கண்ணில் பட்டது. வலது கை மூடியிருந்தது, அந்தப் பிடிக்குள் சின்னத் துளை, அரிவாள் இருந்த இடம் காலி. கோட்டை விரித்து நிழல் உண்டாக்கி டார்ச்சை அடித்துப் பார்த்தேன். தலையிலிருந்து அடித்தட்டு வரை ஒரே ஊதா. விற்றவர் தயக்கத்தோடு, "கையில் ஏதோ இருந்திருக்கும் போல, இப்போது இல்லை" என்றார். அப்படியே கொடுங்கள் என்று வாங்கிக்கொண்டு, கொண்டுபோயிருந்த பெட்டிக்குள் வைத்தேன்.